பூவாடைக்காரியின் பெயர் என்ன?

மகாளய அமாவாசை அன்று வில்லியனூரை அடுத்த திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரை விடியும் முன்பே நிரம்பிவிடும். கங்கைவராக நதீஸ்வரர் கோயில் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைக்க உட்காருபவரிடம் புரோகிதர் முதலில் கேட்பது பெயர்களைத்தான். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறை. பிறகு அம்மா, அப்பாவைப் பெற்றவர், தாத்தாவைப் பெற்றவர். ஆண்கள் வரிசையை மளமளவென்று ஒப்பிப்பவர்கள்கூடப் பெண்கள் வரிசையில் தடுமாறுவார்கள். வாழ்நாள் முழுக்க "ஆயா" என்றே கூப்பிட்ட ஒருத்தியின் தாயாருக்கோ மாமியாருக்கோ என்ன பெயர் என்று யாருக்குத் தெரியும்?

செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் இந்த ஆற்றுக்குக் காசிக்கு நிகரான மதிப்பு உண்டு. காசிக்கு எடுத்துச் சென்ற அஸ்தி இங்கே பூவாக மாறியது என்பது தல வரலாறு. 2023 ஏப்ரலில் இங்கு நடந்த புஷ்கரணி விழாவுக்கு வெளியூர்களிலிருந்தும் ஏராளமானோர் வந்து நீராடினார்கள். ஆனால் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் குடும்பங்கள் இறந்துபோன தங்கள் மூத்த பெண்களை நினைப்பது ஆற்றங்கரையில் மட்டும் அல்ல. வீட்டு நடுக்கூடத்தில், கல்யாணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னால் அவர்களை வரவழைத்து உட்கார வைக்கிறார்கள். அப்படி வந்து உட்காருகிறவளுக்குப் பூவாடைக்காரி என்று பெயர்.

புதுச்சேரி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை வட்டாரங்களில் பல சாதிகளுக்கும் பொதுவான வழிபாடு இது. வீட்டில் நல்ல காரியம் என்றால் பூவாடைக்காரிக்குப் படைக்காமல் பந்தக்கால் நடுவதில்லை என்று இருப்பவர்கள் இன்றும் உண்டு. குளம், கிணறு, ஆறு, ஏதாவது ஒரு நீர்நிலைக்குப் பங்காளிகள் கூடிப் போவார்கள். செம்பில் நீர் மொண்டு, மஞ்சள் குங்குமம் இட்டு, வேப்பிலையும் பூவும் சுற்றிக் கரகமாக்குவார்கள். பம்பையும் உடுக்கையும் முழங்க, குடும்பத்தில் இறந்துபோன அந்தப் பெண்ணை "வா தாயே" என்று அழைப்பார்கள். யார்மேலாவது அருள் வந்து அவள் வாய் திறந்து பேசினால் எல்லோருக்கும் நிம்மதி. என்ன குறை, எந்தப் பங்காளியோடு மனத்தாங்கல், எந்தப் பெண்ணைக் கண்கலங்க விட்டீர்கள் என்று கேள்வி வரும். பல ஆண்டுகளாகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் அந்த இடத்தில் கைகட்டி நிற்பதைப் பார்க்கலாம். உயிரோடு இருந்தபோது அவள் வீட்டை எப்படிக் கட்டி ஆண்டாளோ, அதே அதிகாரத்தை இறந்த பிறகும் குடும்பம் அவளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

கரகம் வீட்டுக்கு வந்ததும் படையல். தலைவாழை இலையில் பொங்கல், கொழுக்கட்டை, மாவிளக்கு. பக்கத்தில் வெற்றிலை பாக்கு, வளையல், பூ. நடுவில் மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்திய புதுச்சேலை. கொசுவம் வைத்து மடித்த அந்தச் சேலைக்குப் பூச்சூட்டினால், ஒரு பெண் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பது போலவே தெரியும். கற்பூரம் காட்டி முடித்த பிறகு அதை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். யார் கட்டுவது என்பதில் மருமகள்களுக்குள் ஒரு சின்னப் போட்டியே நடக்கும்.

இத்தனை பாசமும் பயமும் கலந்த வழிபாட்டில் ஒரு குறை உண்டு. பூவாடைக்காரி ஆகிறவள் பெரும்பாலும் சுமங்கலியாக இறந்தவள். சில குடும்பங்களில் கன்னியாகவே இறந்த பெண். பிராமணக் குடும்பங்களின் சுமங்கலிப் பிரார்த்தனையும் இதே வரையறைக்குள் வருவதுதான். ஆனால் ஒரு குடும்பத்தை அதிக காலம் தூக்கிச் சுமந்தவள் யார்? புருஷன் போன பின்பும் நடவுக்குப் போய், மாடு கறந்து, சீட்டுப் போட்டு, நாலு பிள்ளைகளைக் கரையேற்றிய கிழவிதான். பாகூர் ஏரிப் பாசனத்து வயல்களில் நாற்றுப் பிடித்த கைகளில் எத்தனையோ கைகள் தாலியறுத்தவர்களுடையவை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைப் புகழும்போது அந்தக் கைகளையும் சேர்த்துத்தான் புகழ்கிறோம். அவர்களுக்கு மஞ்சள் சேலை இல்லை. தீபாவளி, பொங்கலுக்கு முன்னோர் எல்லோருக்கும் பொதுவாக வைக்கிற படையலில் ஒரு இலை உண்டு, அவ்வளவே. இது நியாயமில்லை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இறந்த நாளில் மட்டும் அந்தக் கிழவிக்குப் பெரிய மரியாதை கிடைக்கிறது. பேரன் பேத்தி எடுத்துப் போனால் அது கல்யாணச் சாவு. பூப்பல்லக்கு, பறை, வெடி. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வருவார்கள். எத்தனை பேர் சேலை கொண்டுவந்து போர்த்தினாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்து சேரும்வரை காத்திருப்பார்கள். அறுபது எழுபது வருஷத்துக்கு முன் அவள் விட்டு வந்த ஊரிலிருந்து, அண்ணன் மகனோ அவன் மகனோ ஒரு புதுச்சேலையோடு வந்து இறங்குவான். அவள் எந்த வீட்டுப் பெண் என்பது ஊர் முழுக்கத் தெரிய வருகிற கடைசிச் சந்தர்ப்பம் அது.

அவள் வாழ்க்கையை முழுசாகச் சொல்கிறவர்கள் ஒப்பாரி வைக்கும் பெண்கள்தான். பிறந்த வீட்டுச் செல்வாக்கு, வாக்கப்பட்ட இடத்தில் பட்ட பாடு, பறிகொடுத்த பிள்ளை, அடகு வைத்து மீளாத நகை, கடைசி மருமகளோடு வந்த பிணக்கு வரை ஒப்பாரியில் வரும். கண்ணீர் அஞ்சலி பேனரில் படம், தேதி, குடும்பத்தார் பெயர்கள் இருக்கும். இந்தக் கதை இருக்காது. பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் பேனரை அவிழ்த்துவிடுகிறார்கள். ஒப்பாரியோ பாடிய அன்றே காற்றோடு போய்விடுகிறது.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சோழர் குடும்பமே சாட்சி. கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவி, கணவர் இறந்த பிறகு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். மகன் உத்தம சோழனும் அவனுக்குப் பின் இராசராசனும் ஆண்ட காலத்தில், செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டே இருந்தார். விருத்தாசலம், கோனேரிராசபுரம், ஆடுதுறை என்று அந்தப் பட்டியல் நீளும். நாகப்பட்டினம் அருகே அவர் பெயராலேயே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில், சித்திரை மாதக் கேட்டை நட்சத்திரமான அவர் பிறந்த நாளில் உணவிட, உத்தம சோழனின் தேவியர் கொடை கொடுத்தார்கள். மாமியாரின் பிறந்த நாளுக்கு மருமகள்கள் வைத்த படையல் என்றே அதைச் சொல்லலாம். 1019 வாக்கில் இராசேந்திர சோழன் அவர் உருவத்தை அந்தக் கோயிலில் எழுந்தருளச் செய்தான். உறவு வைத்துப் பார்த்தால் இராசேந்திரனுக்கு அவர் கொள்ளுப்பாட்டி முறை. திருக்காஞ்சிப் படித்துறையில் நம்மவர்கள் தடுமாறுகிற அதே தலைமுறை! அவரும் கைம்பெண்தான். அவர் பெயர் ஆயிரம் ஆண்டு நின்றதற்குக் காரணம் கல்லில் வெட்டியது.

புதுச்சேரிக் கிராமங்களில் கல்லுக்கு ஈடாகக் காகிதம் இருக்கிறது. 1880 மார்ச் 12 ஆணைப்படி பிரெஞ்சு அரசு தன் இந்தியப் பகுதிகளைப் கொம்யூன் எனும் பத்து உள்ளாட்சிப் பகுதிகளாகப் பிரித்தது. வில்லியனூரும் பாகூரும் அந்தப் பத்தில் இரண்டு. பிறப்பு, திருமணம், இறப்பைப் பிரெஞ்சு முறைப்படி பதியும் வழக்கமும் அந்தக் காலத்தில் இங்கே வேரூன்றியது. அந்தப் பதிவில் ஒரு பெண் இன்னாருடைய மனைவி என்பதோடு நிற்பதில்லை. தன் பெயரோடு, தன் தகப்பன் பெயரோடு, தன் தாய் பெயரோடு வருகிறாள். பிரெஞ்சுக் குடியுரிமைக்காகப் பழைய சான்றுகளைத் தேடி அலைந்த குடும்பங்கள் பல, போகிற போக்கில் தங்கள் பாட்டிகளையும் கண்டெடுத்தன. குடியுரிமை வேண்டாதவர்களும் தேடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. எல்லோருடைய பதிவும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பதியாமல் விட்டவர்கள் உண்டு. பிரெஞ்சு எழுத்தில் தமிழ்ப் பெயர் அடையாளம் தெரியாமல் சிதைந்திருப்பதும் உண்டு.

தேடும் உழைப்புக்கு முன்னோடியும் உள்ளூரிலேயே இருக்கிறார். பாகூர்ப் புலவர் சு. குப்புசாமி இந்த வட்டாரக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்தார். அந்தத் தொகுப்பைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நூலாக வெளியிட்டது. கோயிலுக்கு விளக்கு வைத்தவர்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு இருக்கும்போது, வீட்டுக்கு விளக்காக இருந்தவர்களுக்கும் இருக்க வேண்டும்.

இப்போது எண்பது வயதைக் கடந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயாக்கள், 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சி இந்தியாவிடம் கைமாறியபோது சிறுமிகளாக இருந்தவர்கள். அவர்களுடைய ஆயா யார், எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார், எத்தனை பெற்று எத்தனை தங்கியது, எந்த நிலத்தில் நட்டார், எந்த நோயில் போனார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அடுத்த முறை பூவாடைக்காரிக்குப் படைக்கப் பங்காளிகள் கூடும்போது, படையலுக்கும் பந்திக்கும் இடையில் அரை மணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கைப்பேசியில் பதிந்துகொள்ளலாம். கணவனை இழந்து குடும்பம் நடத்தியவர்களைப் பற்றியும் அப்போது கேட்க வேண்டும். கூச்சப்படாமல் ஓர் ஒப்பாரியையும் பாடச் சொல்லலாம்.