கிரிவலப் பாதையில் நேரம் எவ்வளவு நீளம்?

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக் கூட்டத்தில் சுற்றிவர நான்கைந்து மணி நேரமாவது ஆகும். சுற்றி முடித்தவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் போனை எடுத்து ரீல்ஸ் பார்க்கிறார். நிமிர்ந்தால் முக்கால் மணி போயிருக்கிறது, இப்போதுதான் எடுத்ததுபோல் இருக்கிறது.

நேரத்தை நாம் இரண்டு விதமாக உணர்கிறோம். ஒன்று, அது கழியும்போதே உணர்வது. மூளைக்குள் ஒரு கடிகாரம் துடிப்புகளை அனுப்புகிறது, நேரத்தின் மீது கவனம் இருந்தால்தான் அவை எண்ணப்படும் என்று 1990களில் டான் சக்காய், ரிச்சர்ட் பிளாக் என்ற உளவியலாளர்கள் விளக்கினார்கள். கவனம் முழுவதையும் திரை பிடித்துக்கொண்டால் துடிப்புகள் எண்ணப்படாமலே நழுவிவிடும். பஸ் நிலையத்தில் நடந்தது அதுதான்.

மற்றது, திரும்பிப் பார்த்து உணர்வது. இங்கே அளவுகோல் நினைவு. விதவிதமான அனுபவங்கள் நிறைந்த நேரம் கழியும்போது குறுகும், பின்னால் நினைக்கையில் நீளும் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே எழுதினார். கிரிவலம் இதற்கு அருமையான சான்று. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு இடங்களில் நின்று, கும்பிட்டு, திருநீறு பூசி நகர்கிறோம். நடக்க நடக்க மலையே வேறு வேறு உருவம் காட்டுகிறது. அக்னி லிங்கத்தில் நடந்ததும் குபேர லிங்கத்தில் நடந்ததும் மனதில் தனித்தனியாக நிற்கின்றன.

ரீல்ஸிலும் நொடிக்கொரு புதுமை வருகிறதே, அதுவும் நினைவில் நீள வேண்டாமா? நீளுவதில்லை. படம்தான் மாறுகிறது, இடம், உடல், விரலின் அசைவு எதுவும் மாறுவதில்லை. ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்து வைக்க நினைவுக்கு எல்லைக்கல் வேண்டும். அதனால் ரீல்ஸ் நேரம் கழியும்போதும் சுருங்குகிறது, நினைக்கும்போதும் சுருங்குகிறது. இரட்டை நஷ்டம் என்றே இதைச் சொல்வேன்.

அந்த எல்லைக்கல் முன்பு இணையத்திலும் இருந்தது. பக்கம் முடியும், 'அடுத்த பக்கம்' என்று இருக்கும், தொடரலாமா என்று ஒரு கணம் யோசிப்போம். முடிவில்லாமல் உருளும் திரையை 2006இல் வடிவமைத்த ஆசா ரஸ்கின் அந்தக் கணத்தை எடுத்துவிட்டார். பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் திரை இன்னமும் அப்படித்தான் உருள்கிறது.