‘டூ’ என்றால் இரண்டா?

1989 பிப்ரவரி 19. கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் சொன்னது: ‘டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’. அதாவது, 2,400 அடிக்கு இறங்குங்கள். ஆங்கிலத்தில் ‘இரண்டு’க்கும் ‘வரை’க்கும் ஏறக்குறைய ஒரே ஒலி, விமானி 400 அடி வரை என்று எடுத்துக்கொண்டார். ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று திருப்பியும் சொன்னார். யாரும் திருத்தவில்லை. சுமார் 437 அடி உயரத்தில் விமானம் குன்றில் மோதியது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தனர்.

தரை நெருங்குகிறது என்று கருவி அலறியதே, அதைப் பொருட்படுத்தாத விமானிகளின் தப்புதானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அலாரம் கடைசி வேலி. கேட்டதைத் திருப்பிச் சொல்வது அதற்கு முந்தைய வேலி. அது ஏன் சரிந்தது? உத்தரவு சொன்னவர் மனதில் 2,400 ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். எதிர்பார்த்ததையே கேட்பது காதின் பழக்கம். ஆங்கிலம் சரளமாக இருந்தால் போதும் என்ற வாதமும் இங்கே நிற்காது, அது அமெரிக்க நிறுவனத்தின் விமானம். சரளமாகப் பேசுகிறவருக்குத்தான் ‘டூ’ யோசிக்காமலே ‘வரை’யாக மாறும். ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்’ என்று முழுதாகச் சொல்லியிருந்தால், ‘டூ’ நழுவினாலும் ‘தௌசண்ட்’ காட்டிக்கொடுத்திருக்கும்.