மரச்சீனியும் அதன் நஞ்சும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் மண் ஒட்டியபடி குவிந்து கிடக்கும் மரச்சீனிக் கிழங்கைக் கண்டு இன்று அஞ்சுபவர் எவரும் இலர். மரவள்ளி என்றும் கப்பை என்றும் பிற இடங்களில் வழங்குவதும் இதுவே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியைப் பெரிதும் பரப்பினார். குடிகள் முதலில் தயங்கினர் என்றும், மன்னர் அரண்மனையிலேயே சமைக்கச் செய்து உண்டு காட்டினார் என்றும் சொல்வதுண்டு. 1942ஆம் ஆண்டில் பர்மா அரிசியின் வரவு நின்றபோது எத்தனையோ குடும்பங்களின் பசியை ஆற்றியது இக்கிழங்குதான்.

ஆயினும் அத்தயக்கம் வெறும் மூட எண்ணம் அன்று. மரச்சீனியில் லினமாரின் என்றொரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டினாலும் நசுக்கினாலும், அதுவரை விலகியிருந்த நொதியொன்று லினமாரினோடு கலக்கிறது. முடிவில் ஹைட்ரஜன் சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது.

அப்படியானால் கிழங்கை விலக்கிவிடலாமா? 'நஞ்சு உண்டா' என்று கேட்டு அறிவியல் நின்றுவிடுவதில்லை. 'எவ்வளவு உண்டு, எம்முறையில் சமைத்தால் எவ்வளவு எஞ்சும், உண்பவர் யார்' என்று மேலும் கேட்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூடி அமைத்த உணவுத்தர ஆணையத்தின் வரையறைப்படி, இனிப்பு வகைக் கிழங்கில் சயனைடு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். மாவில் 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கசப்பு வகைகளிலோ அது பல நூறு மில்லிகிராம் வரை செல்வதுண்டு. மழை பொய்த்த ஆண்டில் நல்ல வகையிலும் நஞ்சு ஏறும்.

இதை அளக்கும் வழி எளியது. பிக்ரேட் கரைசலில் தோய்த்த மஞ்சள் தாளைக் கிழங்குத்தூளோடு ஒரு குப்பியில் மூடி வைத்தால், எழும் ஆவியால் தாள் பழுப்பாகும். நிறம் அடர்ந்தால் நஞ்சு மிகுதி என்று பொருள்.

சமையலில் ஒரு நுட்பம் உண்டு. ஹைட்ரஜன் சயனைடு 26 பாகை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும்; நம் ஊரின் வெயிலே அதற்குப் போதும். லினமாரின் அப்படியன்று. கொதிநீரில் நொதி அழிந்துவிடும். லினமாரின் அழியாது, நீரில் கரைந்து வெளியேறினால்தான் உண்டு. ஆகவே கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டும் நம் பெண்டிரின் வழக்கம் முற்றும் பொருத்தமானது. முழுக்கிழங்கைச் சுட்டு உண்பதில் அப்பாதுகாப்பு இல்லை. மரச்சீனிக்கு மீன்குழம்பைத் துணை சேர்த்ததும் நன்றே. மீனின் புரதத்திலுள்ள கந்தகத்தைக் கொண்டுதான் உடல் சயனைடைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறது.

அத்துணை கிட்டாதவர் நிலை வேறு. 1981இல் மொசாம்பிக் நாட்டில் கடும் வறட்சி வந்தது. கசப்புக் கிழங்கைப் பதப்படுத்தப் போதிய நாள் காத்திராமல் உண்ட ஏழை மக்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் சிறுவரும், கால்கள் விறைத்து நடை இழந்தனர். கொன்சோ என்னும் அந்நோய் தீர்வதில்லை.

திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரச்சீனியின் புதிய வகைகளைத் தந்துள்ளது. அங்கே உருவான எச்-165, எச்-226 போன்றவை சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகின்றன. வேகவைத்து உண்ணப் பலர் விரும்புவது மலேயாவிலிருந்து வந்த எம்-4 என்னும் வகையை. ஆலைக்கென வளர்த்த கிழங்கை வீட்டு அடுப்புக்குக் கொண்டுவருமுன் அதன் வகையை விசாரித்தறிதல் நலம்.

இவ்வளவு கவனமும் மனிதருக்கு மட்டும் போதாது. கிழங்கின் சதையைவிடத் தோலிலும் இலையிலும் நஞ்சு மிகுதி. கட்டு அவிழ்ந்த ஆடு தோட்டத்தில் புகுந்து பச்சை இலையை வயிறார மேய்ந்தால் சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி மடியக்கூடும். அசைபோடும் விலங்குகளின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் நஞ்சை விரைவில் பிரித்துவிடுகின்றன. தீவனத்துக்கு வேண்டுமாயின் இலையையும் தோலையும் சிறுகச் சிறுக நறுக்கி, வெயிலில் மெல்லியதாகப் பரப்பி, சருகாக உலர்த்தியபின், மற்றத் தீனியோடு அளவாகக் கலந்து கொடுக்கலாம்.