உறங்கா இரவும் உழைக்கும் பகலும்



சித்தூர் மாவட்டத்திலுள்ள கங்காதர நெல்லூர்ப் பகுதி கரும்பும் மாவும் விளையும் பூமி. அங்கு வேளாண்மைக்குரிய மின்சாரம் பல ஆண்டுகள் பகலில் சில மணி நேரமும் இரவில் சில மணி நேரமுமாக வழங்கப்பட்டு வந்தது. மோட்டாரை இயக்குவதற்காக உழவர்கள் நள்ளிரவில் எழுந்து வயலுக்குச் சென்றனர். அருகிலுள்ள திருப்பதியிலோ ஊர் அடங்கும் நேரமே இல்லை எனலாம். திருமலையில் சுப்ரபாத சேவை பெரும்பாலும் விடியற்காலை மூன்று மணி அளவில் தொடங்கிவிடுகிறது. யாத்திரிகர்களுக்காகப் பேருந்து ஓட்டுவோரும், விடுதிகளில் பணிபுரிவோரும், சிற்றுண்டிக் கடை நடத்துவோரும் இரவில் விழித்திருக்கின்றனர்.

இத்தகையோர் இழப்பது உறங்குவதற்குரிய நேரத்தை. நேரம் கிடைத்தால் பெரும்பாலோர் படுத்தவுடன் உறங்கிவிடுவர். நாம் இங்கு ஆராயப்போவது வேறொரு துன்பம். நேரமும் உண்டு; படுக்கையும் உண்டு; உறக்கம் மட்டும் வருவதில்லை. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல், மூன்று மாதங்களேனும் இந்நிலை நீடித்து, பகல் வாழ்வையும் கெடுக்குமாயின் அதனை நாட்பட்ட உறக்கமின்மை என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

இதன் தீங்கு இரவோடு முடிவதில்லை. கணக்கு எழுதுபவருக்குக் கூட்டல் தவறுகிறது. வண்டி ஓட்டுபவருக்குக் கவனம் சிதறுகிறது. சிறு சொல்லுக்கும் சினம் எழுகிறது. வீட்டில் இருப்போர் இதனைக் குணக்கேடு என்று எண்ணிவிடுகின்றனர். மாலை நெருங்கியதும், "இன்றேனும் உறக்கம் வருமா?" என்ற அச்சம் தொடங்கிவிடுகிறது.

உறக்கத்தை நமக்குக் கொண்டுவருவன இரண்டு. விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து உறக்கத்தை வேண்டச் செய்கிறது. காப்பியும் தேநீரும் இதன் வேலையைத் தடுக்கின்றன. பருகிய காபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மற்றொன்று, மூளையில் அமைந்த உயிர்க் கடிகாரம். காலை வெளிச்சமே அதற்கு நாள்தோறும் சாவி கொடுக்கிறது.

அவ்வாறாயின், நோய் எப்படி வேரூன்றுகிறது? ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார். சிலருக்கு எளிதில் விழித்துக்கொள்ளும் இயல்பு பிறவியிலேயே உண்டு. அவர்கள் வாழ்வில் ஒரு துயரமோ மாற்றமோ நேர்கையில் உறக்கம் கலைகிறது. அயல் மாநிலத்தில் புதுவேலை, புரியாத மொழி, ஊரில் விட்டுவந்த பெற்றோரின் உடல்நலம், தீராத கடன் ஆகியவை நம்மவர்க்குப் பழக்கமான காரணங்கள். காலப்போக்கில் அக்காரணம் மறைந்தாலும் உறக்கமின்மை மறைவதில்லை. இழந்த உறக்கத்தை ஈடு செய்ய நாம் செய்யும் முயற்சிகளே அதனை வளர்க்கின்றன. முன்னதாகவே படுப்பதும், விடிந்த பின்னும் புரண்டுகொண்டிருப்பதும், பகலில் நெடுநேரம் கண்ணயர்வதும் இரவு உறக்கத்தின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. படுக்கை என்றாலே விழிப்பும் கவலையும் என்று மனம் பழகிவிடுகிறது.

ஆகவே, இந்தப் பழக்கத்தை மாற்றுவதே சிகிச்சையின் அடிப்படை. 2016ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட பரிந்துரையும், நாட்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரையை அன்று, இத்தகைய மனப்பயிற்சி முறையையே முதலில் அளிக்க வேண்டும் என்று கூறுகிறது.

இம்முறையின் முதல் விதி, எழும் நேரத்தை மாற்றாதிருத்தல். எப்போது உறங்கினாலும், விடுமுறை நாளிலும், குறித்த நேரத்தில் எழுந்து வெளிச்சத்திற்கு வரவேண்டும். இரண்டாவது, உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டுமே படுத்தல். இருபது நிமிடம் போலாகியும் உறக்கம் வராவிடின் எழுந்து அமைதியான வேலை எதையாவது செய்து, உறக்கம் வரும்போது மீண்டும் படுக்கலாம். அடிக்கடி கடிகாரத்தைப் பார்ப்பது கூடாது.

ஓர் அறையில் நால்வர் ஐவர் தங்கும் நம் தொழிலாளருக்கு உண்பதும், பேசுவதும், கைப்பேசி பார்ப்பதும் ஒரே இடத்தில்தான். அவர்களுக்கு நம் பழைய பாய் உதவும். உறங்கும் வேளையில் மட்டும் அதனை விரித்து, எழுந்தவுடன் சுருட்டி வைத்துவிடலாம். பாய் என்றால் உறக்கம் என்று மனம் மீண்டும் கற்றுக்கொள்ளும். பிற்பகலுக்குப் பின் காப்பியைத் தவிர்ப்பதும் நலம்.

படுக்கையில் கழிக்கும் நேரத்தைக் குறைத்துப் பின்னர்ச் சிறிது சிறிதாகக் கூட்டும் முறையும் உண்டு. தொடக்கத்தில் பகலில் அயர்வு மிகும். ஆதலால் ஓட்டுநர்களும், இயந்திரத்தில் பணிபுரிவோரும், வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரின் மேற்பார்வையின்றி அதனை மேற்கொள்ளலாகாது.

தூக்க மாத்திரைகள் சில நாள் துணையாகலாம். ஆயினும் அவற்றுள் பல பழக்கத்திற்கு அடிமையாக்குவன. அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பது சட்டப்படி குற்றம். நாட்பட உண்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து; மருத்துவர் சொற்படி சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். மதுவும் மருந்தாகாது. அது விரைவில் கண்ணயரச் செய்து, பின்னிரவில் எழுப்பிவிடும்.

உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சுத் திணறலும் இருப்பின், அது உறக்க மூச்சடைப்பு நோயாக இருக்கக்கூடும். எதிலும் நாட்டமின்றி மனம் சோர்ந்திருந்தாலும், உயிர் வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் எழுந்தாலும் காலந்தாழ்த்தலாகாது. 2022இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த மாநிலத்திலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம். அதில் தமிழிலும் பேசலாம். மொழி தெரியாத ஊரில் மனத்துயரைத் தாய்மொழியில் சொல்ல முடிவதே பாதி ஆறுதல்.

உறக்கம் அழைத்து வருவதன்று. இடையூறு நீங்கினால் தானே வருவது. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை எத்தனை மணி நேரம் உறங்கினோம் என்று எண்ணிக் கலங்காமல், நாளைக் காலை குறித்த நேரத்தில் எழுவதில் மட்டும் உறுதியாயிருப்போமாக.