முந்திரி வறுப்பது யார்?

முந்திரிக்குப் பேர்போன குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கல்யாணச் சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்கப் பத்துப் பேர். ஆனால் பாயசத்துக்கு நெய்யில் முந்திரி வறுக்க மாஸ்டர் மட்டும்தான். பத்துக் கை வாணலியில் விழுந்தால் பாதி கருகும், பாதி வெளுக்கும். ஆர்க்கெஸ்ட்ராவின் இசைத்தாளும் யார் கை எப்போது என்று சொல்லும் சீட்டுதான். அதில் வரும் ஒரு குறி 'சோலோ'.

முதலில் காய் நறுக்கும் கூட்டம், அதாவது வயலின்கள். முதல் வயலின்காரர்கள் பதினான்கு பேர் இருந்தாலும் தாளில் அவர்களுக்கு வரி ஒன்றுதான். அதன்மேல் 'சோலோ' வந்தால் முதல் நாற்காலிக்காரர் மட்டும் வாசிப்பார். மற்றவர்களுக்கும் வேலை இருந்தால் தனி வரி போடவேண்டும். ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'ஷெஹரசாட்'டில் (1888) கதைசொல்லும் பெண்ணின் குரல் அந்த ஒற்றை வயலின்தான். கூட்டம் திரும்பிவர 'டுட்டி' என்று எழுதவேண்டும். இத்தாலிய மொழியில் 'எல்லோரும்'.

அடுத்து அடுப்புகள்: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட். இங்கே பெரும்பாலும் ஆளுக்கொரு அடுப்பு. ஏற்கெனவே ஒற்றை ஆள் என்பதால் 'சோலோ'வுக்குப் பொருள் வேறு: 'இப்போது உன் மணம்தான் முன்னே வரணும்.' டுவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனியின் (1893) இரண்டாம் பகுதியில், ஓபோவின் உறவான இங்கிலீஷ் ஹார்னுக்கு வருவது இதுதான். இரண்டு புல்லாங்குழல்கள் ஒரே வரியைப் பகிர்ந்தால், '1' என்பது முதலாமவர் மட்டும். 'ஆ தூவே' என்பது இருவரும் ஒரே சுரம்.

ஆக, சொல் ஒன்று, வேலை இரண்டு. வயலினில் தலையை எண்ணுகிறது. காற்றுக் கருவியில் அந்த ஓசையைப் பந்தி இலையின் நடுவில் வைக்கிறது. அதற்கும் பக்கத்து அடுப்பின் தீயைக் குறைக்கவேண்டும்: துணை வாசிப்பவர்களுக்கு 'பியானிசிமோ' (மிக மென்மையாக) என்று எழுதாவிட்டால் சோலோ மூழ்கிவிடலாம்.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் ஒற்றை வயலினைச் சுற்றியிருக்கும் வயலின் கூட்டத்தைக் கேளுங்கள்; எப்போது ஒதுங்குகிறது, எப்போது சூழ்கிறது என்பது காதுக்கே புரியும். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தபோது, எழுதியவரின் தாய்மொழி வேறு, வாசித்தவர்களின் மொழி வேறு. நடுவில் இருந்த பொதுமொழி தாள்தான்.

இசை எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: 'சோலோ' எழுதிய கையோடு 'டுட்டி' எங்கே என்றும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் முந்திரி வறுத்து முடிந்த பிறகும் பத்துப் பேர் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள்.