கட்டி அனுப்பும் தூது

நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் பிராணவாயுவும் உணவும் இரத்தத்தின் வழியாகவே வந்து சேர்கின்றன. புற்றுநோய்ச் செல்லும் இதற்கு விலக்கல்ல. நுரையீரலில் தோன்றும் கட்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவு வரை அக்கம்பக்கத்துக் குழாய்களிலிருந்து கிடைப்பதைக் கொண்டே காலந்தள்ளும். அதற்கு மேல் வளர, அதற்கென்று புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும். இதை 1971-ல் எடுத்துரைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். குழாய்களைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்றார். அன்று பலர் நம்பவில்லை.

புதிய குழாய் எப்படி வருகிறது? கட்டி பெருக்கும்போது அதன் உட்பகுதிச் செல்களுக்குப் பிராணவாயு போதிய அளவு எட்டுவதில்லை. வழக்கமாக உடனுக்குடன் சிதைக்கப்படும் எச்.ஐ.எஃப். என்ற புரதம், அந்நிலையில் சிதையாமல் செல்லுக்குள் சேர்கிறது. அதன் தூண்டுதலால் வி.ஈ.ஜி.எஃப். என்ற இன்னொரு புரதம் உற்பத்தியாகி வெளியேறுகிறது. இதுதான் தூது. அருகிலுள்ள இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் இதனை ஏற்கும் புரதங்கள் உள்ளன. தூது சேர்ந்ததும் அச்செல்கள் பெருகி, கட்டியை நோக்கிக் கிளை விடுகின்றன. அப்படி உருவாகும் குழாய்கள் கோணல்மாணலாக, கசிவுள்ளவையாக இருக்கும். புற்றுச் செல்கள் அவற்றின் வழியே நழுவி, மூளைக்கும் எலும்புக்கும் பரவுவதுண்டு.

இந்தத் தூது கட்டியின் கண்டுபிடிப்பு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். காயம் ஆறுவதற்கு நம் உடலே பயன்படுத்தும் தூது அது. ஆகவே, அதை மறித்தால் கட்டிக்கு மட்டுமன்றி நமக்கும் இடைஞ்சல் உண்டு.

வி.ஈ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்து வைக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து, 2006-ல் அமெரிக்காவில் ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. நோய் முற்றிய 878 பேரிடம் நடந்த ஆய்வே அதற்கு அடிப்படை. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 10.3 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். இம்மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 12.3 மாதங்கள். ஆதாயம் இரண்டு மாதங்கள். ஒரு தூதை மறித்தால், கட்டி வேறு புரதங்களைத் தூதனுப்பவும், ஏற்கெனவே உள்ள குழாய்களைப் பற்றிக்கொண்டு வளரவும் கூடும். இரத்தக் கொதிப்பு, இரத்தக் கசிவு ஆகிய பக்கவிளைவுகளும் உண்டு. முந்தைய ஆய்வில் சிலருக்கு நுரையீரலில் கடும் இரத்தப்போக்கு ஏற்பட்டதால், 'ஸ்குவாமஸ்' வகை நோயாளிகள் அந்த 878 பேரில் சேர்க்கப்படவில்லை.

ஆகவே, நம்மவர் எவருக்கேனும் மருத்துவர் இம்மருந்தைப் பரிந்துரைத்தால், பயாப்சியில் கண்ட புற்றுநோய் எந்த வகை என்று கேளுங்கள். சளியில் இரத்தம் வந்திருந்தாலும், அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலும், இரத்தக் கொதிப்பு இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். கிடைக்கக்கூடிய ஆதாயம் என்ன, செலவு எவ்வளவு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது குடும்பத்தாரின் உரிமை. அப்படிக் கேட்பதை நல்ல மருத்துவர் எவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.