பூட்டும் சாவியும்: கணினியைத் துயிலெழுப்பும் சிறு நிரல்

கணினியின் விசையை அழுத்தியதும் திரை ஒளிரச் சில வினாடிகள் ஆகின்றன. அந்த வினாடிகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் தாமாக விழித்தெழுவதில்லை. அவற்றைத் தேடியெடுத்து, நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை ஒப்படைக்க ஒரு சிறு நிரல் தேவை. அதுதான் பூட்லோடர், தமிழில் துவக்க ஏற்றி எனலாம். வீட்டு இணைய ரவுட்டரிலும் அது உண்டு.

இவ்வகை நிரல்களில் பல, யாரும் படித்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருள்கள். லினக்ஸ் கணினிகளில் 'கிரப்' பரவலாக உள்ளது. சிறு கருவிகளில் 'யூ-பூட்' பெரிதும் பயன்படுகிறது. ஜெர்மானியப் பொறியாளர் வொல்ஃப்காங் டெங்க் 2000-ஆம் ஆண்டில் பவர்பிசி சில்லுகளுக்காக வெளியிட்ட நிரல், பிற சில்லுகளுக்கும் விரிந்தபின் 2002-இல் இப்பெயர் பெற்றது. டெங்க் 2022-இல் காலமானார். எனினும் பணி தடைபடவில்லை. தலைமைப் பராமரிப்புப் பொறுப்பு 2012-இலேயே டாம் ரினியிடம் சென்றிருந்தது. இன்றும் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பு வெளிவருகிறது.

உரிமம் ஏன்?

தொடங்கியவர் மறைந்தாலும் நிரல் தொடர்வதற்கு உரிமமும் ஒரு காரணம். யூ-பூட், ஜிபிஎல் எனப்படும் பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. அதைத் தன் கருவியில் வைத்து விற்கும் நிறுவனம், தான் செய்த மாற்றங்களோடு மூல நிரலை வாங்கியவருக்குத் தர வேண்டும். பல கைகள் எழுதிய நிரலில் எந்தக் கோப்பு எந்த உரிமத்திற்கு உட்பட்டது என்ற குழப்பம் வரக்கூடாது. எனவே யூ-பூட் குழுவினர் 2013-இல் நீண்ட உரிம வாசகங்களை நீக்கி, கோப்புகளின் தலைப்பில் ஒரே வரிக் குறியீட்டை இட்டனர். லினக்ஸ் கருநிரலும் 2017-இல் அதே வழியைப் பின்பற்றியது.

சில்லில் பொறித்த பூட்டு

நிரல் அனைவருக்கும் திறந்திருந்தால், தீயவர் அதை மாற்றி வைத்துவிட மாட்டாரா? இதற்காகவே பல சில்லுகளில் மறையாக்க வசதி வன்பொருளாகவே அமைகிறது. தயாரிப்பாளர் தம் இரகசியச் சாவியால் பூட்லோடருக்கு மின் கையொப்பம் இடுகிறார். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியின் அடையாளம், ஒருமுறை எழுதினால் அழிக்க இயலாத வகையில் சில்லில் பொறிக்கப்படுகிறது. மின்சாரம் வந்ததும் சில்லு பூட்லோடரைச் சோதிக்கிறது. பூட்லோடர் இயங்குதளத்தைச் சோதிக்கிறது. இந்த இரண்டாம் கட்டச் சோதனையை யூ-பூட் 2013 முதல் செய்துவருகிறது.

ஆனால் இரகசியச் சாவி தொலைந்துவிட்டால் நேர்மையான திருத்தத்தைக்கூடச் சில்லு ஏற்காது. அது மட்டுமன்று. மூல நிரல் கையில் இருந்தும், கையொப்பச் சாவி இல்லாததால் கருவியின் உரிமையாளர் தாம் திருத்திய நிரலை அதில் ஓட்ட முடியாமல் போகலாம். அமெரிக்காவின் டிவோ ஒளிப்பதிவுக் கருவிகளில் இந்நிலை ஏற்பட்டுப் பெரும் விவாதம் எழுந்தது. 2007-இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளில் திருத்திய நிரலை நிறுவத் தேவையான சாவி போன்ற விவரங்களையும் தர வேண்டும் என்கிறது. கிரப் அந்தப் பதிப்பை ஏற்றது. யூ-பூட் இரண்டாம் பதிப்பிலேயே உள்ளது.

கையொப்பம் மட்டும் போதுமா?

போதாது என்பதை 2020 ஜூலையில் வெளியான 'பூட்ஹோல்' பிழை உணர்த்தியது. கிரப் நிரலுக்கு முறையான கையொப்பம் இருந்தது. ஆனால் அது படிக்கும் அமைப்புக் கோப்புக்குக் கையொப்பம் இல்லை. கணினியில் நிர்வாகி உரிமை பெற்ற ஒருவர் அக்கோப்பில் மிக நீண்ட சொல்லை எழுதினால், நினைவகத்தின் எல்லை மீறப்பட்டுப் பாதுகாப்பையே கடக்க முடிந்தது. திருத்தம் விரைவில் வந்தது. ஆனால் அதை நிறுவிய சில லினக்ஸ் கணினிகள் துவங்க மறுத்தன. அந்தத் திருத்தத்தையும் திருத்த வேண்டியதாயிற்று.

பராமரிப்பு என்பது இத்தகைய உழைப்புதான். புதிய சில்லு வந்தால் அதற்குரிய மறையாக்க நிரலைச் சேர்க்க வேண்டும். பழைய கருவியில் சோதிக்க வேண்டும். பிறர் அனுப்பும் மாற்றங்களை வரிவரியாகப் படிக்க வேண்டும். யூ-பூட்டில் ஒவ்வொரு மின்பலகைக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. கவனிக்க ஆளில்லாத பலகைகளுக்கான நிரல் காலப்போக்கில் நீக்கப்படுகிறது.

உரிமம் அடுத்த பராமரிப்பாளருக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. சில்லின் பூட்டு அந்நியரைத் தடுக்கிறது. ஆனால் கதவைக் காக்க ஆள் இல்லாவிட்டால் இரண்டாலும் பயனில்லை. கருவி வாங்கும்போது விலையோடு, பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதையும் கேட்டறிவது நல்லது.